மருத்துவமனைக் கணக்கிலிருந்து அமைச்சக மேசை வரை: சுகாதாரப் பொருளியலைத் தொழிலாகக் கற்பது எப்படி

சுகாதாரப் பொருளியலில் வேலை பார்க்க வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். ஒருவர் ஐந்து நாள் மருத்துவமனையில் படுத்திருந்து வீடு திரும்புகிறார். அந்த ஐந்து நாளுக்கான பணம் யாரிடமிருந்து புறப்பட்டது? வழியில் எத்தனை கை மாறியது? மருத்துவமனைக்கு எப்போது வந்து சேர்ந்தது? அது வந்து சேர்ந்த விதம் அங்கே வேலை செய்பவர்களை என்ன செய்யத் தூண்டியது?

இதற்கு முழுப் பதில் சொல்ல முடிந்தால் தொழிலில் பாதி கைக்கு வந்துவிட்டது. மீதிப் பாதி, அந்தப் பதிலை வைத்துக்கொண்டு விதிகளை மாற்றுவது. நான் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, அப்புறம் பொருளியலில் முதுகலை படித்து, ஒரு பொதுக் காப்பீட்டு நிதியத்தில் மருத்துவமனைகளுக்கான கட்டண விகிதங்களை வகுக்கும் குழுவில் இருந்துவிட்டு, இப்போது நிதிச் சீர்திருத்தக் குழுக்களோடு வேலை செய்கிறேன். திட்டமிட்டு வந்த வரிசை இல்லை. ஆனாலும் இன்று யாராவது யோசனை கேட்டால் இதே வரிசையைத்தான் சொல்கிறேன்.

படிப்பில் எதை எடுப்பது

நுண்பொருளியல், புள்ளியியல், பொது நிதி மூன்றும் அடிப்படை. இவை இல்லாமல் முடியாது. நோய்ப்பரவலியல் ஒரு பருவமாவது படியுங்கள். ஒரு நோய் எத்தனை பேருக்கு வருகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்பது தெரியாமல் செலவைக் கணிக்க இயலாது. இவற்றோடு கணக்கியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளியல் படித்தவர்களில் பலர் இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கத் தெரியாமல் வருகிறார்கள். மருத்துவமனை இயக்குநர்களோடு பேசும்போது அது உடனே தெரிந்துவிடும்.

இந்தத் துறையின் அடித்தளக் கேள்விகளை அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963-ல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, எந்தச் சிகிச்சை தேவை என்பது நோயாளியைவிட மருத்துவருக்கே நன்றாகத் தெரியும், ஆகவே மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போல இயங்காது என்பது அதன் மையம். அறுபது ஆண்டு கழிந்தும் ஒவ்வொரு சீர்திருத்தக் கூட்டத்திலும் அந்த வாதம் வேறு வேறு உருவத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்து, அமெரிக்காவில் 1970-களின் நடுவில் தொடங்கி 1982 வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய காப்பீட்டுச் சோதனையை ஆழமாகப் படியுங்கள். குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு திட்டங்களில் சேர்த்தார்கள். சிலருக்கு எல்லாம் இலவசம். மற்றவர்கள் தங்கள் செலவில் 25, 50, 95 சதவீதம் என்று ஒரு பங்கை, ஓர் ஆண்டு உச்சவரம்புக்கு உட்பட்டு, கட்ட வேண்டும். பங்கு கட்டியவர்கள் மருத்துவத்தைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பங்கு கட்டியவர்கள் தேவையற்றதைக் குறைத்த அதே அளவுக்குத் தேவையான சிகிச்சையையும் குறைத்தார்கள் என்பது இரண்டாவது முடிவு. சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏழைகளாகவும் ஏற்கெனவே நோயாளிகளாகவும் இருந்தவர்களிடம், குறிப்பாக இரத்த அழுத்தத்தில், இலவச சிகிச்சை பெற்றவர்களின் நிலை மேலாக இருந்தது. ஒரே ஆய்விலிருந்து இரண்டு எதிரெதிர்க் கட்சிகள் தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு போவதை நீங்கள் தொழிலில் அடிக்கடி பார்ப்பீர்கள். முழு ஆய்வும் உங்கள் மனதில் இருக்க வேண்டும்.

முதல் வேலை: செலவைக் கணக்கிடும் இடம்

ஆலோசனை நிறுவனம், பன்னாட்டு வங்கி, பல்கலைக்கழகம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் சில ஆண்டுகள் கச்சாத் தரவு கையில் புழங்கும் இடத்தில் இருங்கள். ஒரு மருத்துவமனையின் நிதிப் பிரிவு, மருத்துவமனைகள் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கைகளைப் பார்க்கும் காப்பீட்டு நிதியப் பிரிவு, அமைச்சகத்தின் செலவுக் கணக்குப் பிரிவு, இதில் ஏதாவது ஒன்று. சம்பளம் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் அங்கே கற்பதை வேறெங்கும் கற்க முடியாது.

ஒரு மருத்துவமனையின் அலகுச் செலவைக் கணக்கிடுவதை நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் மருத்துவமனையைச் செலவு மையங்களாகப் பிரித்துக்கொள்கிறேன். நிர்வாகம், சலவை, சமையலறை, துப்புரவு போன்ற துணைப் பிரிவுகள் ஒரு பக்கம். ஆய்வகம், எக்ஸ்ரே, மருந்தகம் போன்ற இடைப் பிரிவுகள் அடுத்து. வார்டுகளும் புறநோயாளி பிரிவும் கடைசி. மேலே உள்ள செலவைப் படிப்படியாகக் கீழே இறக்க வேண்டும். சலவைச் செலவைத் துணியின் எடைப்படி பிரிக்கலாம். சமையலறையை உணவுகளின் எண்ணிக்கைப்படி, துப்புரவைச் சதுர மீட்டர்படி, நிர்வாகத்தை ஊழியர் எண்ணிக்கைப்படி பிரிக்கலாம். கடைசியில் எல்லாச் செலவும் வார்டுகளிலும் புறநோயாளி பிரிவிலும் வந்து நிற்கும். அதைப் படுக்கை நாட்களாலும் வருகைகளாலும் வகுத்தால் அலகுச் செலவு கிடைக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் முழுவதும் மூலத் தரவில். சம்பளம்தான் பெரும்பாலும் மிகப் பெரிய செலவு, ஆகவே அதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சம்பளப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். டியூட்டி ரோஸ்டரை வாங்கி அதோடு ஒப்பிடுங்கள். ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் செலவு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருந்தது. ரோஸ்டரைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: அங்கே இரவும் பகலும் நிற்கும் செவிலியர்களில் பெரும்பாலோர் பட்டியலில் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தார்கள். அந்தப் பழைய கணக்கை நம்பிக் கட்டணம் வகுத்ததால், தீவிர சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு நோயாளியாலும் மருத்துவமனைக்கு நட்டம். அவர்களை வேறிடத்துக்கு அனுப்பும் பழக்கம் அங்கே வளர்ந்திருந்தது. மருத்துவர்களின் மனசாட்சியைப் பற்றிய பேச்சாக வெளியே போய்க்கொண்டிருந்த விஷயத்தின் வேர் ஒரு சம்பளப் பட்டியலில் இருந்தது.

கருவிகளை வாங்கிய ஆண்டின் செலவாக முழுதாக எழுதக் கூடாது. அதன் ஆயுள்காலத்துக்குப் பரப்ப வேண்டும். 10 லட்சத்துக்கு வாங்கிய ஒரு கருவி பத்தாண்டு உழைக்கும், தள்ளுபடி விகிதம் (எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றும் ஆண்டு வட்டி) 3 சதவீதம் என்றால் ஆண்டுச் செலவு சுமார் 1,17,000. பத்தால் வகுத்து ஒரு லட்சம் என்று எழுதினால் முடங்கிக் கிடக்கும் பணத்தின் விலை விட்டுப்போகும். நன்கொடையாக வந்த கருவியையும் கணக்கில் சேருங்கள். அது பழுதானால் அடுத்ததை யாரும் நன்கொடையாகத் தருவார்கள் என்று உத்தரவாதம் இல்லை.

அப்புறம் படுக்கை நிரம்பும் விகிதம். நாற்பது படுக்கை உள்ள வார்டு ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சதவீதம் நிரம்பியிருந்தால் 11,680 படுக்கை நாட்கள். அதுவே 50 சதவீதம் என்றால் 7,300. செவிலியர், மின்சாரம், கட்டிடம் எல்லாம் கிட்டத்தட்ட மாறாத செலவு என்பதால், ஒரு படுக்கை நாளின் செலவு 60 சதவீதம் கூடிவிடும். எந்த ஊழியரும் ஒரு பைசா வீணாக்கவில்லை. ஆனாலும் அறிக்கையில் இந்த மருத்துவமனை 'திறமையற்றது' என்று விழுந்துவிடும். இரண்டு மருத்துவமனைகளின் அலகுச் செலவை யாராவது அருகருகே வைத்துக் காட்டினால் முதலில் நிரம்பும் விகிதத்தைக் கேளுங்கள். இரண்டாவதாக எந்த மாதிரி நோயாளிகள் வருகிறார்கள் என்று கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முறை

சீர்திருத்தம் என்றதும் மக்கள் எவ்வளவு பணம் என்று கேட்கிறார்கள். எந்த முறையில் கொடுக்கிறார்கள் என்பதை நான் அதற்கு முன்னால் கேட்பேன். ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிக் கட்டணம் கொடுத்தால் சேவைகள் பெருகும். பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டுத் தொகை கொடுத்தால், செலவு கட்டுப்படும். கூடவே கடினமான நோயாளிகளை மேலே பரிந்துரைத்து அனுப்பும் ஆசையும் வரும். தலைப்புவாரியாகப் பட்ஜெட் கொடுத்தால், மார்ச் மாதத்தில் மருந்து தீர்ந்திருக்கும், எழுதுபொருள் தலைப்பில் பணம் மிஞ்சியிருக்கும், மாற்ற அனுமதி கிடைக்காது. மொத்த பட்ஜெட் கொடுத்தால் செலவு நிற்கும். காத்திருப்போர் பட்டியல் நீளலாம்.

நோயறிதல் தொகுப்பு முறை, டிஆர்ஜி என்று எல்லோரும் சொல்வது, இதில் விரிவாகப் படிக்க வேண்டியது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ப்சனும் மருத்துவமனையின் 'உற்பத்தியை' அளக்க ஒரு வகைப்பாடு உருவாக்கினார்கள். அது பணம் கொடுக்கும் முறையாக மாறியது பிறகுதான்: நியூ ஜெர்சியில் 1980-லும், அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் 1983-லும். ஒரே மாதிரி நோயாளிக்கு ஒரே தொகை, எத்தனை நாள் படுத்திருந்தாலும். விளைவு உடனே தெரிந்தது: தங்கும் நாட்கள் குறைந்தன. முழுதாகத் தேறுமுன் அனுப்பிவிடுகிறார்கள் என்ற புகார்களும் வந்தன. பதிவேட்டில் நோய் கொஞ்சம் கொஞ்சமாகக் 'கடுமையாகி' அதிகத் தொகைத் தொகுப்புக்கு நகர்வதும் தொடங்கியது.

கட்டண முறை எதையாவது முன்மொழியும்போது நான் ஒரு தாளில் நாலு பேரை எழுதிக்கொள்வேன்: மருத்துவர், மருத்துவமனைக் கணக்காளர், நோயாளி, நிதியத்தின் கோரிக்கை அலுவலர். விதி அமலுக்கு வந்த முதல் திங்கட்கிழமை காலை இவர்கள் ஒவ்வொருவரும் நேற்றுச் செய்யாத எதைச் செய்வார்கள்? இதை அவர்களிடமே போய்க் கேட்பது இன்னும் நல்லது. கணக்காளர்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்வார்கள். நானும் அந்த நாற்காலியில் இருந்தவள் என்பதால் எனக்கு அது தெரியும்.

பணம் வரும் பாதையில் ஒரு துண்டை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உகாண்டா நல்ல பாடம். 2001-ல் அரசு மருத்துவ நிலையங்களில் பயனர் கட்டணத்தை ரத்து செய்தார்கள். மக்கள் வருகை கூடியது, ஏழைகள் வந்தார்கள், இது பெரிய வெற்றி. ஆனால் ஏழைக் குடும்பங்களை முடக்கும் அளவுக்கான மருத்துவச் செலவு எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று பிந்தைய ஆய்வு காட்டியது. அரசு நிலையத்தில் மருந்து தீர்ந்துவிட்டால் வெளியே வாங்க வேண்டியிருந்தது என்பதை அதற்கான காரணமாகச் சொன்னார்கள். வாசலில் வாங்கிய பணத்தை நிறுத்தும்போது, அந்தப் பணம் இதுவரை எதை வாங்கிக்கொண்டிருந்தது என்று பார்த்து அந்த இடத்தை வேறு வழியில் நிரப்ப வேண்டும்.

குவாலியும் அதன் எல்லையும்

செலவு பயன் ஆய்வைச் செய்யக் கற்றுக்கொள்வது அவசியம். அதற்கு நிறையப் பயிற்சி வகுப்புகள் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வாழ்நாளின் நீளத்தையும் தரத்தையும் சேர்த்து அளக்கும் அலகைக் குவாலி என்கிறோம். எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் தரலாம் என்று பரிந்துரைக்க 1999-ல் பிரிட்டனில் தொடங்கிய நைஸ் அமைப்பு, கூடுதலாகக் கிடைக்கும் ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்ற எல்லையை நீண்ட காலம் கையாண்டது. ஆய்வின் கணக்கு மாதிரியை எக்செல்லில் கட்டுங்கள், பிறகு ஆர் என்ற நிரல்மொழிக்குப் போங்கள். எல்லா அனுமானங்களும் ஒரே தாளில், ஒவ்வொன்றுக்கும் மூலம், மேல் வரம்பு, கீழ் வரம்பு. வேறொருவர் உங்கள் கோப்பைத் திறந்து அரை மணி நேரத்தில் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கண்டுபிடிக்க முடியவில்லையா, திருத்துங்கள். அறிக்கை எழுதும்போது இத்தகைய ஆய்வறிக்கைகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், 2022-ல் புதுப்பித்த சீயர்ஸ் பட்டியலின் 28 அம்சங்களையும் சரிபாருங்கள்.

இரண்டு விஷயங்களை வகுப்பில் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

ஒன்று, செலவுக்கேற்ற பயன் தரும் சிகிச்சையும் கட்டுப்படியாகாததாக இருக்கலாம். 2013 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபாஸ்புவிர் மாத்திரைக்கு அங்கே 12 வாரச் சிகிச்சையின் பட்டியல் விலை 84,000 டாலர். ஹெபடைடிஸ் சி-யைக் குணப்படுத்துகிறது; பல ஆய்வுகளில் செலவுக்கேற்ற பயன் என்றே வந்தது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில். எல்லோருக்கும் ஒரே ஆண்டில் கொடுக்கப் பணம் இல்லாமல், கல்லீரல் அதிகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் என்று பல காப்பீட்டாளர்கள் வரிசைப்படுத்தினார்கள். ஆகவே பட்ஜெட் தாக்கக் கணிப்பைத் தனியாகச் செய்து, ஆண்டுவாரியாகக் காட்டுங்கள்.

இரண்டு, நமது எண் 'வேண்டாம்' என்றாலும் சமூகம் 'வேண்டும்' என்று முடிவெடுக்கலாம். தாய்லாந்தின் பொது மருத்துவத் திட்டத்தில் 2008-க்கு முன் சிறுநீரக டயாலிசிஸ் இல்லை. அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது அது செலவுக்கேற்ற பயன் தரவில்லை என்றே வந்தது. ஆனால் டயாலிசிஸ் செலவால் குடும்பங்கள் நொடித்துப்போகின்றன என்பதும் கண்ணெதிரே இருந்தது. அரசு அதைச் சேர்த்தது; வீட்டிலேயே செய்யக்கூடிய வயிற்றறை டயாலிசிஸை முதல் தேர்வாக வைத்தது. அந்த ஆய்வு வீண் என்று நான் நினைக்கவில்லை. செலவு எவ்வளவு வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது, எந்த முறையைத் தேர்வது என்பதிலும் கணக்கு உதவியது. ஆய்வாளரின் கடமை அங்கே நிறைவேறிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

குடும்பங்களின் பக்கத்துக் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். குடும்பத்தின் மொத்தச் செலவில் மருத்துவம் 10 சதவீதத்தைத் தாண்டினால், அல்லது 25 சதவீதத்தைத் தாண்டினால் பேரிடர்ச் செலவு என்பது பன்னாட்டு அளவில் நெடுநாள் புழங்கிய அளவுகோல். இதை வாசிக்கும்போது ஒரு குழியைக் கவனியுங்கள். பணம் இல்லாததால் மருத்துவரிடமே போகாத குடும்பத்தின் மருத்துவச் செலவு பூச்சியம். அட்டவணையில் அவர்கள் பாதுகாப்பாக இருப்பவர்களாகத் தெரிவார்கள். சிகிச்சை தேவைப்பட்டும் போகாதவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியையும் பக்கத்தில் வைக்காமல் இந்த எண்ணை நான் எங்கும் கொடுப்பதில்லை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிதி அமைச்சகத்தோடு பேசுவது

சுகாதாரத் துறையிலிருந்து போகிறவர்கள் வழக்கமாக நோயின் கொடுமையைச் சொல்லிப் பணம் கேட்பார்கள். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர் அதே வாரத்தில் கல்வி, சாலை, ஓய்வூதியம் என்று எல்லோரும் அதே மாதிரி சொல்வதைக் கேட்டிருப்பார். 2001-ல் ஆப்பிரிக்க நாடுகள் அபுஜாவில் கூடி அரசு பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு என்று உறுதி எடுத்தன. இருபது ஆண்டு கழிந்தும் பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. ஒரு சதவீதத்தைக் காட்டிக் கேட்பதால் மட்டும் பணம் வருவதில்லை.

போகும் முன் மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு. மூன்றும் ஒன்றாக இருக்கவே இருக்காது. ஒதுக்கியதில் பெரும்பங்கு திரும்பிப் போயிருந்தால், கூடுதல் பணம் கேட்கும் உங்கள் முதல் வரியிலேயே உங்களை நிறுத்திவிடுவார்கள். ஏன் திரும்பிப் போனது என்று நீங்களே முன்கூட்டிப் பிரித்துக் காட்டினால் பேச்சு மாறும். பல நேரம் காரணம் நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் பணம் விடுவிக்கப்பட்டதாக இருக்கும். கொள்முதலுக்கு நான்கு மாதம் ஆகும் துறையால் அதைச் செலவழிக்க முடியாது. இந்தச் சிக்கலை நிதித்துறைக்காரர்களால் தீர்க்க முடியும், அவர்களுக்குத் தீர்க்கவும் பிடிக்கும்.

பட்ஜெட் நாட்காட்டியை மனப்பாடம் செய்யுங்கள். உச்சவரம்புச் சுற்றறிக்கை எப்போது வருகிறது, துறைகள் எப்போது பதில் தர வேண்டும், பேச்சுவார்த்தை எந்த வாரங்களில். வரம்பு முடிவான பின் வரும் மிகச் சிறந்த ஆய்வுக்கும் அந்த ஆண்டு இடமில்லை.

குறிப்பை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். முதல் பத்தியில் என்ன முடிவு எடுக்க வேண்டும், முதல் ஆண்டில் எவ்வளவு, மூன்றாம் ஆண்டில் எவ்வளவு என்று இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு எண் இல்லாத குறிப்பை நிதித்துறை நம்புவதில்லை. நியாயம்தான், மருத்துவத் திட்டங்கள் முதல் ஆண்டில் மலிவாகத் தெரிந்து மக்கள் பழகிய பின் பயன்பாடு கூடும். அடுத்து மூன்று மாற்று வழிகள், அதில் ஒன்று எதுவும் செய்யாமல் விடுவது. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று பெயர் சொல்லி ஒரு சிறு அட்டவணை. நட்டப்படுகிறவர்களை மறைத்து எழுதிய குறிப்பு கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்தில் சரிந்துவிடும். முறையியல், சமன்பாடு எல்லாம் பின்னிணைப்பில்.

காலம் வரும்போது தயாராக இருப்பது

சட்டமாகும் சீர்திருத்தங்கள் திடீரென்று நடப்பதுபோல் வெளியிலிருந்து தோன்றும். தைவானில் தேசியக் காப்பீடு 1995 மார்ச்சில் தொடங்கியது. அதன் திட்டமிடல் 1980-களின் இறுதியிலேயே, வில்லியம் ஷியாவ் போன்ற பொருளியலாளர்களின் பங்கோடு, ஆரம்பித்துவிட்டது. தாய்லாந்தில் 2001 தேர்தலுக்குப் பின் வந்த அரசு, ஒரு வருகைக்கு நோயாளி 30 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டும் திட்டத்தை ஆறு மாகாணங்களில் தொடங்கி 2002-க்குள் நாடு முழுதும் கொண்டுபோனது. அந்த வேகம் எப்படி வந்தது? மருத்துவர் சங்குவன் நித்தியாரம்போங்கும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாகச் செலவுக் கணக்கு, குடும்ப ஆய்வுத் தரவு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார்கள். தலைக்கு ஆண்டுக்கு 1,202 பாட் என்ற தொடக்கத் தொகையை அவர்களால் கணக்கிட்டுக் கொடுக்க முடிந்தது. நான் மேலே சொன்ன சலவைத் துணியின் எடையும் படுக்கை நாட்களும் ஒரு நாட்டின் சட்டத்துக்குள் போய் உட்காரும் வழி இதுதான். இந்தக் கதையை நினைத்தால் எனக்கு இன்றும் உற்சாகமாக இருக்கும்.

ஆகவே யாரும் கேட்காத ஆண்டுகளில் அலகுச் செலவுகளைப் புதுப்பித்து வையுங்கள். கோரிக்கைத் தரவைச் சுத்தம் செய்து வையுங்கள். பெயர் தெரியாத இந்த வேலைக்கு யாரும் பாராட்டு தர மாட்டார்கள், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

யார் பணத்தில் ஆய்வு

மருந்து நிறுவனங்கள், கருவி நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் எல்லாவற்றிலும் நமக்கு வேலை இருக்கிறது. நேர்மையாக வேலை செய்கிறவர்கள் அங்கேயும் நிறையப் பேர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமை, ஒப்பீட்டுச் சிகிச்சையைத் தேர்வு செய்யும் உரிமை, செலவையும் பயனையும் எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடுவது என்ற கால எல்லையைத் தேர்வு செய்யும் உரிமை. ஒரு ஆய்வில், நடைமுறையில் மருத்துவர்கள் கைவிட்டுவிட்ட ஒரு பழைய சிகிச்சையோடு புதிய மருந்தை ஒப்பிடச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் எந்த மருந்தும் நன்றாகத்தான் தெரியும். நான் மறுத்தேன், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வரவில்லை. அதே துறையில் பிறகு எனக்கு வந்த வேலைகள், அந்த மறுப்பைக் கேள்விப்பட்டவர்களிடமிருந்து வந்தவை. உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று உறுதி தர மாட்டேன். மறுப்பதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கையில் வேலை இல்லாதவர்களுக்கு ஒரு பயிற்சி

உலக சுகாதார நிறுவனத்தின் சுகாதாரச் செலவுத் தரவுத்தளம் யாருக்கும் திறந்திருக்கிறது. சுமார் 190 நாடுகளுக்கு 2000-ம் ஆண்டிலிருந்து எண்கள் உண்டு. தலா வருமானம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், ஆனால் மக்கள் கைப்பணமாகக் கட்டும் பங்கு பெரிதும் வேறுபடும் மூன்று நாடுகளைத் தேர்ந்தெடுங்கள். வேறுபாடு எந்த ஆண்டில் பிரிய ஆரம்பித்தது என்று பாருங்கள். அந்த ஆண்டில் அங்கே என்ன சட்டம் வந்தது, யாருக்குப் பணம் கொடுக்கும் முறை மாறியது என்று தேடி, இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். நேர்காணலுக்கு வருகிறவர் இப்படி ஒரு குறிப்பைக் கொண்டுவந்தால் சான்றிதழ்களுக்கு முன் அதைத்தான் வாசிப்பேன். அதில் எங்கே தயங்கினார், எந்த எண்ணைச் சந்தேகப்பட்டார் என்று கேட்பேன்.

சட்டம் வந்த பிறகு

பலர் இந்த இடத்தில் அடுத்த நாட்டுக்கோ அடுத்த திட்டத்துக்கோ போய்விடுகிறார்கள். முடிந்தால் முதல் ஆண்டு முழுதும் இருங்கள். நான் நிதியத்தில் இருந்தபோது புதிய கட்டண முறை தொடங்கிய மாதத்திலிருந்து ஒரே ஒரு அட்டவணையை மாதாமாதம் வெளியிட்டோம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வந்த கோரிக்கைகள், நிராகரித்தவை, காரணம், பணம் போய்ச் சேர எடுத்த நாட்கள், நோயாளியிடம் தனியாக வாங்கியதாக வந்த புகார்கள். அட்டவணையின் கடைசி இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துப் பாருங்கள். நிதியம் பணம் தரத் தாமதமாகும் மருத்துவமனைகளில்தான் நோயாளியிடம் கை நீட்டுவது கூடியது. கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்று எல்லோரும் வாதாடிக்கொண்டிருந்தபோது, கோரிக்கைப் பிரிவில் கூடுதல் ஆட்களைப் போட்டு, கேள்விக்கு இடமில்லாத கோரிக்கைகளுக்கு உடனடியாக ஒரு பங்கை முன்பணமாகத் தரும் விதியைக் கொண்டுவந்தோம். புகார்கள் இறங்கின. அந்த அட்டவணையை எப்படி அமைப்பது என்பதை உங்கள் சீர்திருத்தத் திட்டத்தின் முதல் வரைவிலேயே எழுதி, அதற்கு ஒரு ஆளையும் பட்ஜெட்டையும் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.